இசக்கியின் களைப்பு

நீங்கள் யாருக்காவது நெட்டி முறித்திருக்கிறீர்களா? பிள்ளை குளித்துத் தலைவாரிப் பொட்டு வைத்து வந்து நிற்கும்போது, அதன் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து எடுத்து, எடுத்த கையை மடக்கி உங்கள் நெற்றி ஓரத்தில் வைத்து அழுத்தினால் விரலெல்லாம் சடசடவென்று நெட்டி விடுமே, அதைத்தான் கேட்கிறேன். முறித்திருப்பீர்கள். முறித்துவிட்டு, அந்தப் பிள்ளைமேல் இருந்த கண்ணேறெல்லாம் போயிற்று என்ற நிம்மதியோடு அடுப்படிக்குள் போயிருப்பீர்கள். நானும் இசக்கிக்கு முறித்துவிட்டு அப்படித்தான் போனேன். இரண்டாவது தோசையைத் திருப்பிப் போடுவதற்குள் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மூன்றாவது தோசையில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது, ரவிக்கை நனைந்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நின்ற இடத்திலேயே கரண்டியோடு உட்கார்ந்துவிட்டேன். சற்று நேரத்தில் இசக்கி குளத்தங்கரையை முழுதாகச் சுற்றி ஓடிவிட்டு வந்தாள். கடையில் மடித்து வைத்த சேலை மாதிரி ஒரு கசங்கல் இல்லாமல், நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் வந்து நின்று, "மைனி, தோசை கருகுது" என்றாள்.

இசக்கி என் வீட்டுக்காரருடைய தங்கை. தாய் இல்லாத பிள்ளை. நான் பள்ளிக்கூடத்தைப் பத்தாவதோடு விட்டுவிட்டுக் கல்யாணமாகி இந்த ஓடைக்கரைப்பட்டிக்கு வந்தவள்; அவளோ டவுன் காலேஜுக்கு பஸ் ஏறிப் போய்ப் படித்து, பட்டாளத்தில் ஆபீசர் ஆவதற்குப் பரீட்சை எழுதி, பெரிய பெரிய மீசைக்காரர்கள் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லித் தேறி, கடைசிப் படியில் வந்து நின்றாள். அந்தப் பயிற்சிக் கல்லூரிக்குப் போய் ஓடிக் காட்ட வேண்டும், தண்டால் எடுத்துக் காட்ட வேண்டும், கயிற்றில் ஏறிக் காட்ட வேண்டும். அதில் தேறினால் உடுப்பு. தவறினால் வயசு முடிந்துவிடும், மறுபடி எழுத முடியாது. தவறினால் அவளைக் கட்டிக்கொண்டு போக ஒரு மளிகைக்கடை மாப்பிள்ளை தராசும் கையுமாகக் காத்துக்கொண்டிருந்தார். நல்ல மனுசர்தான். ஆனால் இசக்கி அவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே, வெந்நீர் பட்ட பூனை மாதிரி எழுந்து போய்விடுவாள்.

மறுநாள் காலையில் என்னைத் தள்ளிவிட்டு என் வீட்டுக்காரர் தன் தங்கைக்கு நெட்டி முறித்தார். அன்றைக்கு அவருடைய லோடு ஆட்டோ சந்தைக்குப் போகவில்லை. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்துகொண்டு கிடந்த மனுசனைப் பார்க்க வந்தவர்கள், பின்னால் அடுக்கியிருந்த தக்காளியை நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. சாயங்காலம் கோயிலுக்கு முன்னால் கூட்டம் போட்டார்கள்.

எங்கள் ஊரில் அம்மன் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரிக்கிறவர் பிச்சைக்கண்ணு மாமா. கல்யாணமான ஆம்பிளை உள்ள ஒவ்வொரு வீடும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, யாருக்கும் கூடாமல் குறையாமல் பிரித்து, கொடையை நடத்தி முடிக்கிற மனுசர். அவர் துண்டை உதறி உட்கார்ந்ததும் பேச்சே வேறாகிவிட்டது.

"ஒரு வீடே சுமந்தா முதுகு ஒடியும். தலைக்கட்டுக்கு ஒரு நாள்னு பிரிச்சிட்டா ஒருத்தனுக்கும் வலிக்காது. புள்ள பாஸாயி வந்தா, பொறவு இந்த ஊருக்குப் பேரு பட்டாளத்துப் பட்டி. என்ன சொல்லுதிய?"

"அது எப்படி மாமா, ஒருத்தி ஓடுனா இன்னொருத்தனுக்குக் களைப்பு வரும்?" என்று டீக்கடை ராசப்பன் கேட்டான்.

"கொடையில சாமி உன் மேல வரும்போது, எப்படி வந்தன்னு கேட்டியாலே? வாற இடத்துக்கு வருது. உன் முறை செவ்வாக்கிழமை. கடையை மெதுவாத் திற."

மேலத் தெரு வேதக்கார வீடுகளில் இருந்து செல்லத்துரை வாத்தியார் எழுந்து, தாங்கள் கொடை வரி கட்டுகிறவர்கள் இல்லையே, தங்களுக்கு இதில் இடம் உண்டா என்று கேட்டார். "புள்ள ஓடுறது குளத்தங்கரையில, கோயிலுக்குள்ளயா ஓடுது? ஞாயித்துக்கிழமை உமக்கு" என்றார் மாமா. ஞாயிறு ஆராதனை இருக்கிறதே என்றார் வாத்தியார். "அப்ப சனிக்கிழமை. பைபிளைத் தூக்க முடியாமப் போனா என்னைச் சொல்லக் கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஆவுடை அக்கா மட்டும் சிரிக்காமல் நின்றாள். புருஷன் போய், பிள்ளை குட்டி இல்லாமல், பீடி சுற்றிப் பிழைக்கிறவள். நாங்கள் இருவரும் ஒரே நிழலில் தட்டு வைத்து உட்கார்ந்து சுற்றுவோம்.

"என் முறை எப்ப?" என்றாள்.

"நீ தலைக்கட்டுல வரமாட்டியே ஆவுடை. ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு நாம வரி போடுறதில்லலா."

"காசுதான் வேண்டாம்னீரு. என் காலுமா வேண்டாம்?"

"உனக்கு நல்லதுக்குத்தானே சொல்லுதேன்" என்று மாமா துண்டை உதறி எழுந்துவிட்டார். ஆவுடை அக்கா அன்றைக்கு என்னோடு பேசாமல் வீட்டுக்கு நடந்தாள். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படியாக எங்கள் ஊர் இசக்கியின் களைப்பைச் சுமக்க ஆரம்பித்தது. விடியும்போது முறைக்காரர் குளித்து, பயபக்தியாக எங்கள் வாசலுக்கு வந்து நிற்பார். இசக்கி குனிந்து முகத்தைக் காட்டுவாள். அவர் வழித்து எடுத்து முறித்துக்கொண்டு, இன்றைக்கு ஓட்டமா கயிறா என்று கேட்டுவிட்டு, அதற்குத் தக்கபடி வீட்டில் போய்ப் பாயிலோ சுவர் ஓரத்திலோ உட்கார்ந்துகொள்வார். ஓட்டக் களைப்பு கெண்டைக்காலில் இறங்கும், தண்டால் களைப்பு தோளில் ஏறும், கயிற்றுக் களைப்பு உள்ளங்கையில் எரியும் என்று சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்துபோயிற்று. முதலில் வழித்து எடுக்கிற கைக்குத்தான் அன்றைய களைப்பு போகும், பின்னால் எத்தனை பேர் எடுத்தாலும் வெறும் விரல் சத்தம்தான் என்பது தெரிந்தது. தொட வேண்டும் என்பதுகூட இல்லை, கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் நின்று காற்றில் வழித்து எடுத்தாலும் வரும், நடு ஓட்டத்தில் எடுத்தாலும் வரும் என்பதை பிச்சைக்கண்ணு மாமாவே மதகு மேல் நின்று கண்டுபிடித்தார். தீட்டு வீட்டுக்கு முறை இல்லை, மாப்பிள்ளை விருந்து வீட்டுக்கு முறை இல்லை, ஆனால் அவர்கள் பின்னால் ஒரு நாள் ஈடு கட்ட வேண்டும் என்று வழக்கங்கள் உண்டாயின. தூக்கமே வராமல் அலைந்த தையல்கடைக்காரர், அடுத்தவர் முறையையும் கேட்டு வாங்கிக்கொண்டு வெள்ளாடு மாதிரி கண்ட இடத்தில் படுத்துத் தூங்கினார். வாத்தியார் முறையன்று பள்ளிக்கூடமே கோயில் மாதிரி அமைதியாக இருந்தது.

ஆனால் ஒரு காரியம் நடந்தது. அதை முதலில் கவனித்தவள் நான்தான். பிச்சைக்கண்ணு மாமாவின் தொந்தி கரைந்துகொண்டிருந்தது. ராசப்பன் டீ ஆற்றும்போது அவன் புஜத்தில் எலுமிச்சம்பழம் உருண்டது. என் உள்ளங்கையில், கயிற்றையே தொடாத கையில், காய்ப்பு காய்த்திருந்தது. பீடி இலை வெட்டும்போது கத்தரிக்கோல் உறுத்தவில்லை. ஊரில் உள்ள கெண்டைக்காலெல்லாம் தேங்காய் மாதிரி இறுகிவிட்டன. இசக்கியின் கால் மட்டும் அன்றைக்கு இருந்த அதே முருங்கைக்காயாக இருந்தது. மூச்சு வாங்காமல் ஓடினாள், ஆனால் முதல் நாள் எந்த வேகமோ அதே வேகம். அவள் அண்ணன் செல்போனை அமுக்கி நேரம் பார்ப்பார்; தேறுகிற நேரத்தை ஒட்டியும் ஒட்டாமலும் உரசிக்கொண்டுதான் நிற்கும்.

அதோடு அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. களைக்காத உடம்பு எப்படித் தூங்கும்? சோற்றில் உப்பில்லை, குழம்பில் புளியில்லை என்பாள். நான் ருசி பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். சாயங்காலம் ஆனால் சுக்குக் காப்பி போட்டுத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு அன்றைய முறை வீட்டுக்குப் போவாள். அங்கே யாராவது சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறம் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு வாசல்படியிலேயே நிற்பாள். "என்னட்டி பெரிய ஆபீசரு, காப்பியெல்லாம் கொண்டாந்து நிக்கே, உள்ள வா" என்று அவர்கள் சிரித்துக் கூப்பிடுவார்கள். அவர்கள் சிரிக்கச் சிரிக்க அவள் முகம் சிறுத்துப் போகும். திட்டினால்கூடத் தாங்கியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

தங்கராசு அண்ணாச்சி பனையேறுகிறவர். பதனீர்க் காலத்தில் அவருக்கு முறை வைக்கக் கூடாது என்பது பேச்சு. ஆனால் அவர் மனைவிக்கு, எல்லா வீடும் சுமக்கும்போது நம் வீடு மட்டும் சும்மா இருக்கிறதே என்று வெட்கமாக இருந்திருக்கிறது, புருஷனை அனுப்பிவிட்டாள். அவர் நெட்டி முறித்துக்கொண்ட கையோடு, பாளை சீவாமல் விட்டால் மரம் வற்றிப்போகும் என்று மரத்தில் ஏறிவிட்டார். அவர் பாதி மரம் ஏறியிருக்கும்போது இசக்கி புளியமரத்தில் கட்டிய கயிற்றில் ஏற ஆரம்பித்தாள்.

நாங்கள் போய்ப் பார்த்தபோது அண்ணாச்சி நடு மரத்தில், காலில் தளைநார் மாட்டியபடி, மரத்தைத் தாயைக் கட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி கட்டிக்கொண்டு, கன்னத்தை அதில் சாய்த்து அசையாமல் இருந்தார். யாரோ ஓடிப்போய் இசக்கியை நிறுத்திக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் மரத்தடியில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள்:

"அண்ணாச்சி, இறங்கிருங்க! நான் நிறுத்திட்டேன்! இறங்கிருங்க!"

"ஒண்ணுமில்ல தங்கச்சி" என்று மேலே இருந்து மெதுவாகச் சத்தம் வந்தது. "நீ ஏறு, நீ ஏறு. நான் இங்கனயே கொஞ்சம் இருந்துட்டு வாறேன். காத்து நல்லா வருது."

ஏணியைக் கட்டி இறக்கினோம். இறங்கியதும் அவர் இசக்கியைத் தேடிப்போய், "எவ்வளவு உசரம் ஏறுன? முழுசும் ஏறிட்டியா?" என்று கேட்டார். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து, "மைனி, நான் திருடி" என்றாள்.

"என்னத்தட்டித் திருடுன?"

"அவங்க கால. அவங்க தூக்கத்த."

"அவங்க குடுத்தாங்க, நீ வாங்கிக்கிட்ட. போயி முகத்தக் கழுவு" என்றேன். எனக்குச் சிரித்தபடி இருந்தே பழக்கம். சிரிப்பு வராத காரியத்தைக் கண்டால் அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே, ஓடி முடிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். நினைத்ததை இப்போது நினைத்தாலும் நெஞ்சு குறுகுறுக்கிறது.

என் மகள் பொன்னுத்தாய்க்கு அப்போது பிடித்துக்கொண்டு நிற்கிற பருவம். இறந்துபோன மாமியார் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். பொன்னு என்று கூப்பிடுவோம். யார் என்ன செய்தாலும் அதையே செய்கிற வயசு. கை தட்டினால் தட்டுவாள், இருமினால் இருமுவாள். தினமும் விடியும்போது என் இடுப்பில் இருந்துகொண்டு, வாசலில் ஒவ்வொருவராக வந்து அத்தை முகத்தை வழித்து முறித்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள். ஒரு நாள் முறைக்காரர் வரக் கொஞ்சம் தாமதமாயிற்று. இசக்கி செருப்பைக் கழற்றி ஷூவை மாட்டிவிட்டு, போய்வருகிறேன் என்று பொன்னுவிடம் குனிந்தாள். பொன்னு தன் இரண்டு பிஞ்சுக் கையாலும் அத்தையின் கன்னத்தை வழித்து எடுத்து, மடக்கின கையைத் தன் நெற்றி ஓரத்தில் வைத்து, கண்ணை இறுக்கி ஒரு அழுத்து அழுத்தினாள்.

நெட்டி விடவில்லை. அந்த வயசில் எந்தப் பிள்ளைக்கு நெட்டி விடும்? நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். "பாருட்டி, உன் அம்மையே வந்து முறிச்சிட்டா" என்று நான்தான் சொன்னேன். அதற்குள் முறைக்காரர் ஓடிவந்து வழித்து முறித்துக்கொண்டு போனார். அவர் விரல் சடசடத்தது. அது வெறும் விரல் சத்தம்.

இசக்கி அன்றைக்கு முழுப் பரீட்சையையும் செய்து பார்ப்பதாக இருந்தது. நான் பொன்னுவைத் தொட்டிலில் போட்டுவிட்டு பீடி இலையை நனைத்துக்கொண்டிருந்தேன். தொட்டிலுக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை இல்லை. அழுகையாக இருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். துருத்தி ஊதுவது மாதிரி, வேகமாக, விடாமல். எட்டிப் பார்த்தால் பிள்ளை தொப்பலாக நனைந்து, விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்து தெரிந்து மறைய, வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பால் கொடுத்தேன், வாய் பிடிக்கவில்லை. அழக்கூட அவளிடம் தெம்பு இல்லை. என்னை நேராகப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பிள்ளையை அள்ளி இடுப்பில் போட்டுக்கொண்டு ஓடினேன். தெருவைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, குளத்தங்கரை ஏறி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். தூரத்தில் இசக்கி போய்க்கொண்டிருந்தாள், பூ மாதிரி, காற்றில் மிதக்கிறது மாதிரி. "ஏட்டி, நில்லு! நில்லுட்டீ!" என்று கத்தினேன், காதில் பாட்டு மாட்டியிருந்தாள். அப்போதுதான் என் காலுக்குள் இருந்த ஓட்டமெல்லாம் எழுந்து வந்தது பாருங்கள். அவளுக்காக நான் களைத்த களைப்பெல்லாம் பலமாகி அங்கேதான் படுத்திருந்திருக்கிறது. பிள்ளையைச் சுமந்துகொண்டு ஓடிய நான், களைப்பே இல்லாமல் ஓடிய அவளை மதகுக்கு முன்னாலேயே பிடித்து, சடையைப் பற்றி இழுத்து நிறுத்தினேன்.

திரும்பிப் பார்த்தாள். பொன்னுவைப் பார்த்தாள். அவள் நின்ற நிமிஷத்தில் இருந்து பிள்ளையின் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அது முழுதாக அடங்கும்வரை இசக்கி ஒரு காலைக்கூட நகர்த்தாமல், கையை அசைக்காமல், அசைந்தால் அதுவும் பிள்ளைக்குப் போய்விடுமோ என்று பயந்து, சிலை மாதிரி அந்தக் கரையில் நின்றாள். கண்ணில் இருந்து தண்ணீர் மட்டும் வழிந்தது. அதையும் துடைக்கவில்லை.

நர்சம்மா வந்து பார்த்து, பிள்ளைக்கு ஒன்றுமில்லை, நல்ல களைப்பு, தூங்கட்டும் என்றார். பொன்னு விளக்கு வைக்கும்வரை தூங்கினாள். எழுந்து பால் குடித்து, வழக்கம்போல என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். ஊர் முழுக்க எங்கள் வாசலில் நின்றது. தாமதமாக வந்த முறைக்காரர் செருப்பால் தன்னையே அடித்துக்கொண்டார். பிச்சைக்கண்ணு மாமா, சின்னப் பிள்ளை உள்ள வீட்டுக்கு ஒரு விதி செய்யாமல் விட்டுவிட்டேனே என்று தூணில் தலையை முட்டினார். நானோ சிரித்தேனே, சிரித்தேனே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். யார் யாரைச் சமாதானப்படுத்துவது என்றே தெரியவில்லை.

மறுநாளில் இருந்து இசக்கி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, கண் மட்டும் தெரிய, ஊர் விழிக்கும் முன்னால் ஓடப்போனாள். யாரும் வழித்து எடுக்க முடியாதபடி. முதல் நாள் கோயில்வரைகூடப் போக முடியவில்லை. பழக்கமில்லாத களைப்பு முழுதாக அவள்மேல் விழுந்தது; வேலியோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். ராசப்பன் டீக்கடையில் இருந்து அதைப் பார்த்துவிட்டுத் தன் இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊரே கை பரபரக்க உட்கார்ந்திருந்தது. எடுத்துவிடலாம், ஒரு நிமிஷ வேலை, எடுக்கக் கூடாது. அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஆவுடை அக்கா மட்டும் வந்தாள். வாசலில் வந்து நின்று, "எல்லாரும் வாங்கியாச்சு. இனி என் முறைதான். துண்டை எடுட்டி" என்றாள்.

"வேண்டாம் அக்கா."

"ஏன், தலைக்கட்டு இல்லாதவ கை உனக்கு ஆகாதோ? ஊரெல்லாம் உனக்குக் குடுத்துச்சு, நான் மட்டும் என்னத்தக் குடுத்தேன்? நாளைக்கு நீ உடுப்பு மாட்டி வந்து நிக்கும்போது நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உன் முன்னால வந்து நிப்பேன்?" என்று கேட்டு, அந்தக் கல்லு நெஞ்சுக்காரி அழுதுவிட்டாள்.

இசக்கி துண்டை எடுக்கவில்லை. அப்படியே வாசலில் உட்கார்ந்து காலை நீட்டினாள். "களைப்ப எனக்கே விட்டுருங்க அக்கா. காலுக்கு வேணா எண்ணெய் போட்டு உருவி விடுங்க. உயிர் போகுது."

ஆவுடை அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே நல்லெண்ணெயைக் காய்ச்சிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு ஆரம்பித்தது. பிறகு தங்கராசு அண்ணாச்சி கயிற்றில் உடம்பை எப்படிக் காலால் கவ்வ வேண்டும் என்று காட்ட வந்தார். ராசப்பன் முட்டை அவித்து அனுப்பினான். இறுகின கெண்டைக்கால்களோடு சும்மா இருக்க முடியாமல் பாதி ஊர் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் ஓடியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிச்சைக்கண்ணு மாமா முன்னால் ஓடி, "என்னைப் பிடி பாப்போம், கிழவனைப் பிடி பாப்போம்" என்று அவளை ஏசி ஏசி இழுத்துக்கொண்டு போனார். முருங்கைக்காயில் மெதுவாகச் சதை வைத்தது. ஆனால் களைப்பு வந்த பிறகும் தூக்கம் மட்டும் வரவில்லை. கேட்டால், "கண்ணை மூடினா பொன்னு மூச்சு வாங்குறது கேக்குது மைனி" என்பாள். எனக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

பரீட்சைக்கு அவளோடு நான் போவதாக முடிவாயிற்று. பால் குடிக்கிற பிள்ளை, பொன்னுவும் வர வேண்டும். ரயிலடிக்கு வழியனுப்ப வந்த பிச்சைக்கண்ணு மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். துண்டை எடுத்து வாயை மறைத்துக்கொண்டு, "மருமவளே, கடைசிச் சுத்துல அவ தடுமாறுனா, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு ஒரு தரம் வழிச்சு எடுத்திரு. ஒரே தரம். அவளுக்குத் தெரிய வேண்டாம். இவ்வளவு பேரு சுமந்தது வீணாப் போயிரக் கூடாது" என்றார். நான் பொன்னுவை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டேன். ரயில் ஊதிவிட்டது.

அந்தக் கல்லூரி மைதானத்தைச் சுற்றிக் கம்பிவேலி. அதற்கு வெளியே எங்களைப் போல வந்தவர்கள்: நகத்தைக் கடிக்கிற அப்பாமார், ஜெபமாலை உருட்டுகிற ஒரு அம்மா. கயிற்றில் ஏறிவிட்டாள் இசக்கி, தங்கராசு அண்ணாச்சி மாதிரியே காலால் கவ்வி. தண்டால் எடுத்துவிட்டாள், கடைசியில் கை நடுங்க நடுங்க. ஓட்டம்தான் பாக்கி. விசில் ஊதியது. முதல் சுற்றில் கூட்டத்தோடு போனாள். அடுத்ததில் பின்தங்கினாள். கடைசிச் சுற்றுக்கு வேலி ஓரமாக வரும்போது வாய் கோணி, முகம் கருத்து, கால் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டு, எங்கள் ஊர் வேலியோரம் வாந்தி எடுத்த அதே இசக்கியாக வந்தாள்.

என் வலது கை தானாக எழுந்தது. நான் எழுப்பவில்லை. மாமா எழுப்பினாரோ, ஊர் எழுப்பியதோ, அது காற்றில் வளைந்து அவள் முகத்துப் பக்கம் போயிற்று. அவ்வளவுதான், வழித்து எடுத்து நெற்றியில் வைத்தால் முடிந்தது. அவள் மான் மாதிரி போயிருப்பாள், எனக்கு ஒரு நாள் மூச்சு வாங்கும், அதை நான் தாங்குவேன், எத்தனையோ தரம் தாங்கினவள்தானே. அப்போது அவள் என்னைப் பார்த்தாள். பேச மூச்சில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம் என்று. அதே நேரத்தில் என் இடுப்பில் இருந்த பொன்னு, அத்தையைக் கண்ட சந்தோஷத்தில் தன் இரண்டு கையையும் விரித்து முன்னால் நீட்டினாள்.

எழுந்த கையால் பொன்னுவின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, என் நெஞ்சோடு அழுத்திக்கொண்டேன். பிள்ளை வீல் என்று கத்தினாள். பக்கத்தில் இருந்த ஜெபமாலை அம்மா, "ஏம்மா குழந்தை கையை இப்படி இறுக்குறீங்க?" என்றார்.

"பழக்கம் சரியில்லைங்க" என்றேன்.

இசக்கி எங்களைக் கடந்து போனாள். அவளுடைய களைப்பெல்லாம் அவளோடேயே போயிற்று. முதுகில் தெரிந்தது, கழுத்தில் தெரிந்தது, இழுத்து இழுத்து வைத்த ஒவ்வொரு காலிலும் தெரிந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தாளா, இந்தப் பக்கம் விழுந்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. விசில் ஊதிவிட்டது.

தேறியவர்களின் பெயரை உடம்பு ஆறினபின் கூப்பிடுவோம், அதுவரை வெளியே இருக்கலாம் என்று அனுப்பினார்கள். இசக்கி நொண்டிக்கொண்டு வந்தாள். பொன்னுவின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். அது நிதானமாக, ஒரு அவசரமும் இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு வேப்பமரத்தடியில், மண்ணென்றும் பாராமல், என் மடியில் தலையை வைத்துச் சாய்ந்தாள். "மைனி" என்றாள். என்ன என்று நான் கேட்பதற்குள் தூங்கிவிட்டாள். வாய் திறந்து, குறட்டை விட்டு, மாதக்கணக்கில் சேர்ந்துபோன தூக்கத்தையெல்லாம் ஒரே அடியாகத் தூங்கினாள். எறும்பு ஊர்ந்தது, நான் ஊதி ஊதித் தள்ளினேன். அவள் நெற்றியில் உப்புப் பூத்திருந்தது. துடைக்கக் கையை நீட்டி, பயந்து, இழுத்துக்கொண்டேன்.

வாசலில் தமிழ் பேசுகிற ஒரு மீசைக்கார ஹவில்தார் வந்து நின்று, கணீர் என்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஆரம்பித்தார். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு பெண்ணாக எழுந்து உள்ளே ஓடினார்கள். ஜெபமாலை அம்மாவின் மகள் போனாள். பெயர்கள் வந்துகொண்டே இருந்தன, வெளியே இருந்தவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். பிறகு அவர் மூச்சை இழுத்து, "இசக்கியம்மாள், ஓடைக்கரைப்பட்டி!" என்றார்.

இசக்கி அசையவில்லை.

"இசக்கியம்மாள்! யாரும்மா இசக்கியம்மாள்?" என்று அவர் எங்கள் பக்கம் நடந்து வந்தார். பூட்ஸ் சத்தம் கிட்டத்தில் வந்தது. என் தோளில் சாய்ந்திருந்த பொன்னு அவர் தொப்பியைப் பார்த்துச் சிரித்துக் கை நீட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. நான் எழுந்திருக்கவில்லை. மடியை அசைக்காமல், உதட்டில் விரலை வைத்து, அந்த மீசைக்காரரை அண்ணாந்து பார்த்துச் சொன்னேன்:

"ஐயா, கொஞ்சம் மெதுவாக் கூப்பிடுங்க ஐயா. எங்க புள்ள இப்பதான் தூங்குது."